ஒரு படத்தின் கொள்முதலும் ஓர் ஆசிரியரின் விலகலும்: ஃபிராங்க்ஃபுர்ட், 1843

## நிகழ்வு

1843-இல் ஃபிராங்க்ஃபுர்ட் நகரின் ஷ்டேடல் கலை நிறுவனம் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமும் நாலரை மீட்டர் அகலமும் கொண்ட ஓர் எண்ணெய் ஓவியத்தை விலைக்கு வாங்கியது. அதை ஏற்க முடியாத நிறுவன இயக்குநர் பிலிப் ஃபைட் பதவியை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. பதின்மூன்று ஆண்டுகளாக அவர் அங்கே மூன்று பொறுப்புகளை ஒருசேரச் சுமந்து வந்தார். ஓவியத் தொகுப்புக்குத் தலைவர் அவர். ஓவியப் பள்ளிக்கு முதன்மை ஆசிரியர் அவர். அந்தக் கட்டடத்தின் சுவரிலேயே தம் கொள்கையை வரைந்து வைத்த ஓவியரும் அவரே.

இந்நிகழ்வைப் பெரும்பாலும் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள்: கத்தோலிக்க ஓவியர் ஒருவர், திருச்சபையைக் குறை கூறும் படம் ஒன்றைப் பொறுக்காமல் வெளியேறினார். அந்த வரி பொய்யன்று. ஆனால், அதே மனிதர் அதே நம்பிக்கையோடு பதின்மூன்று ஆண்டுகள் லூத்தரன் பெரும்பான்மையுள்ள ஒரு நகரத்தில் எப்படிப் பணியாற்ற முடிந்தது என்பதையும், அவர் சென்ற சில ஆண்டுகளிலேயே அதே ஆட்சிக்குழு அவரைப் போன்ற இன்னொரு கத்தோலிக்க ஓவியரை ஏன் அழைத்தது என்பதையும் அந்த வரி விளக்கவில்லை. சண்டைக்கான விதை படத்தில் இருந்ததைவிடப் பதவியின் அமைப்பில்தான் அதிகம் இருந்தது என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு.

வரலாற்றில் பதிவான ஓவியர்களை மட்டுமே இங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன். ஆட்சிக்குழுவினர் ஐவரும், ஆசிரியரோடு சென்ற மாணவர்களும், சென்றவர்களுக்குப் பின்னால் அங்கேயே தங்கிவிட்ட மாணவர்களும் பெயரின்றியே வருகிறார்கள். அவரவர் பொறுப்பு தெரிந்தால் நிகழ்வைப் புரிந்துகொள்ளப் போதும்.

## ஆசிரியர் உருவான விதம்

ஃபைட் 1793 பிப்ரவரி 13 அன்று பெர்லினில் பிறந்தார். தந்தை சீமோன் ஃபைட் வங்கியாளர். தாய் டொரோத்தேயா, புகழ்பெற்ற யூத மெய்யியலாளர் மோசஸ் மெண்டல்ஸோனின் மகள். 1799-இல் பெற்றோர் மணவிலக்குப் பெற்றனர். தாய் எழுத்தாளர் ஃபிரிட்ரிஷ் ஷ்லேகலோடு வாழ்ந்து, பின்னர் அவரையே மணந்தார். 1808-இல் ஷ்லேகலும் டொரோத்தேயாவும் கொலோன் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தனர். இரண்டு ஆண்டுகள் கழித்து பிலிப்பும் அவருடைய அண்ணனும் வியன்னாவில் திருமுழுக்குப் பெற்றனர். தந்தை யூத நெறியிலேயே நிலைத்து நின்றார். மகன்கள் வேறு வழி சென்ற பிறகும் அவர்களுக்குத் தந்த ஆதரவை அவர் நிறுத்தவில்லை. ஃபைட்டின் நம்பிக்கை பிறப்பால் வந்து சேர்ந்ததன்று, பதினேழு வயதில் அவரே தெரிந்தெடுத்துக்கொண்டது என்பதை இங்கே மனத்தில் இருத்த வேண்டும். பிற்காலத்தில் அவர் விட்டுக்கொடுக்காமல் நின்ற இடங்களுக்கெல்லாம் இதுவே அடித்தளம்.

டிரெஸ்டன் கலைக்கழகத்தில் படித்த அவர், 1813-இல் நெப்போலியனுக்கு எதிரான போரில் லுட்ஸோ தன்னார்வப் படையில் கவிஞர்கள் ஐஷன்டோர்ஃப், கோர்னர் ஆகியோரோடு சேர்ந்து போரிட்டார். 1815-இல் ரோமுக்குச் சென்றார். அங்கே ஓவர்பெக், கொர்னேலியுஸ், வில்ஹெல்ம் ஷாடோ முதலிய ஜெர்மானிய இளைஞர்கள், கலைக்கழகங்களின் பழகிப்போன முறையை உதறிவிட்டு, ரஃபேலுக்கு முந்திய இத்தாலிய ஓவியர்களையும் ஜெர்மானிய ஓவியர் டியூரரையும் முன்மாதிரியாகக் கொண்டு வரைந்துகொண்டிருந்தார்கள். நீண்ட தலைமுடியும் பக்தித் தோற்றமும் கொண்ட அவர்களை ஊரார் 'நாசரேனர்' என்று கேலியாக அழைத்தார்கள். கேலிப்பெயரே வரலாற்றுப் பெயராகிவிட்டது.

1816-இல் ரோமில் இருந்த பிரஷ்யத் துணைத்தூதர் பார்த்தோல்டி தாம் குடியிருந்த வீட்டின் அறை ஒன்றை வரையக் கொடுத்தபோது, ஃபைட், ஓவர்பெக், கொர்னேலியுஸ், ஷாடோ ஆகிய நால்வரும் ஈரச்சுதையில் சுவரோவியம் வரையும் கலையை ஏறத்தாழ முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. அக்கலை வழக்கொழிந்து போயிருந்ததால், முந்திய தலைமுறையில் மெங்ஸ் என்ற ஓவியரிடம் வேலை பார்த்த முதிய கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்துச் சுண்ணாம்புப் பூச்சின் பக்குவத்தைக் கேட்டறிந்தார்கள். இம்முறையில் முதலில் முழு அளவில் மாதிரி வரைபடம் தயாராக வேண்டும். அதன் கோடுகள் நெடுக ஊசியால் துளையிட்டு, கரிப்பொடி கட்டிய துணி முடிச்சால் தட்டினால் வரைபடம் சுவரில் புள்ளிகளாக இறங்கும். அன்றன்று வரையக்கூடிய அளவு இடத்துக்கு மட்டும் காலையில் பூச்சுப் பூசுவார்கள். பூச்சு காய்வதற்குள் வண்ணம் வைத்து முடித்தாக வேண்டும். மிஞ்சிய பூச்சை மாலையில் வெட்டி எறிந்துவிட்டு, மறுநாள் அந்த விளிம்பிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். தவறினால் திருத்த வழியில்லை. அந்த நாளின் பூச்சு முழுவதையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டியதுதான்.

இந்த நுட்பத்தை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முன்கூட்டியே எல்லாவற்றையும் முடிவு செய்துகொண்டு, பிறகு பின்வாங்க முடியாத பொருளில் அதை எழுதிவிடுவது இந்தக் கலையின் இயல்பு. இது ஃபைட்டின் கைக்கு மட்டுமே உரிய பழக்கமாக நின்றுவிடவில்லை என்றே எனக்குப் படுகிறது.

## நிறுவனத்தின் அமைப்பு

ஷ்டேடல் நிறுவனம் ஒரு தனிமனிதரின் உயிலிலிருந்து பிறந்தது. வணிகரும் வங்கியாளருமான யோஹான் ஃபிரிட்ரிஷ் ஷ்டேடல் 1815-இல் எழுதிய உயிலின்படி, ஏறத்தாழ 500 ஓவியங்களும் 13 லட்சம் கில்டர் செல்வமும் அவர் 1816-இல் இறந்த பிறகு ஒரு பொது அறக்கட்டளைக்குச் சேர வேண்டும். தொகுப்பு மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். நகரின் வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத வேறுபாடோ ஆண், பெண் வேறுபாடோ இன்றிக் கலைப்பயிற்சி அளிக்க வேண்டும். இவை அனைத்தையும் ஐந்து குடிமக்கள் கொண்ட ஆட்சிக்குழு நடத்த வேண்டும். குழுவில் ஓர் இடம் காலியானால் எஞ்சியவர்களே புதியவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். தேவையானால் இருக்கும் படங்களை விற்றும் மாற்றியும் தொகுப்பை மேம்படுத்த அவர் இடமளித்திருந்தார்.

தூரத்து உறவினர்கள் உயிலை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். உயில் எழுதியவர் இறந்த கணத்தில் அறக்கட்டளை என்ற ஒன்றே இல்லாதபோது, இல்லாத ஒன்று எப்படிச் சொத்துக்கு வாரிசாகும் என்பது அவர்கள் வாதம். பத்தாண்டுகளுக்கும் மேலாக இழுத்த அவ்வழக்கு 1820-களின் இறுதியில் சமரசத்தில் முடிந்தது. (1900-இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானிய உரிமையியல் சட்டம், இத்தகைய அறக்கட்டளை நிறுவனர் இறப்பதற்கு முன்பே இருந்ததாகக் கருதப்படும் என்று விதித்ததற்கு இந்த வழக்கே தூண்டுதல்.) வழக்கு முடிந்து கையில் பணம் வந்ததும் குழுவினர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, பள்ளிக்கும் தொகுப்புக்கும் தகுந்த தலைவரைத் தேடியது. 1830-இல் ரோமிலிருந்து ஃபைட் வந்தார்.

வாங்கும் அதிகாரம் குழுவிடம் இருந்தது. கலையறிவு இயக்குநரிடம் இருந்தது. வாங்கிய படம் தொங்கவிருந்த வீட்டில் மாணவர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டியவரும் அந்த இயக்குநரே. இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதினால் என்ன செய்வது என்பதற்கு விதி எதுவும் தேவைப்படாத அளவுக்கு முதல் சில ஆண்டுகள் இணக்கமாகக் கழிந்தன.

## 1830 – 1836: பட்டறையும் சுவரும்

ஃபைட்டின் வீடு விரைவிலேயே நகரின் கலைவாழ்வுக்கு ஒரு மையமாயிற்று. ஷ்லேகல் இறந்த பிறகு தாய் டொரோத்தேயா மகனிடமே வந்து தங்கி, 1839-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். ஓவியப் பிரிவுக்கு ஃபைட், சிற்பத்துக்கு ட்ஸ்வெர்கர், கட்டடக்கலைக்கு ஹெஸ்ஸெமர் எனப் பள்ளி அமைந்தது.

அவருடைய கற்பித்தல் முறை ரோமில் பழகிய முறையே. கோடு முதலில், வண்ணம் பிறகு. உடலின் ஒவ்வோர் அசைவும் முழு அளவு வரைபடத்தில் தெளிந்த பிறகே தூரிகையைத் தொட வேண்டும். மாணவர் ஆசிரியரின் பெரிய வேலையில் உதவியாளராகச் சேர்ந்து, வேலை நடக்கும் இடத்திலேயே கற்க வேண்டும். இடைக்காலப் பட்டறையை மீட்டெடுப்பது அவர்களுடைய நோக்கம். இப்படிப்பட்ட பட்டறையில் மாணவர் கற்றுக்கொள்வது கைத்திறனை மட்டுமன்று. எது வரையத் தகுந்தது, எது தகாதது என்ற ஆசிரியரின் தீர்ப்பையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார். டியூசல்டோர்ஃப் கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரெட் ரேத்தல், பின்னாளில் ஆஹன் நகர மண்டபத்தில் பேரரசர் சார்ல்மேனின் வரலாற்றைச் சுவரோவியங்களாக வரைந்து புகழ்பெற்றவர், 1836-இல் டியூசல்டோர்ஃபை விட்டு ஃபைட்டிடம் வந்தது இந்த முறையின் ஈர்ப்புக்குச் சான்று.

1833-இல் நிறுவனம் நோயெ மைன்ஸர் தெருவில் புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1834 முதல் 1836 வரை ஃபைட் மூன்று பகுதிகள் கொண்ட ஈரச்சுதை ஓவியம் ஒன்றை வரைந்தார். அதன் பொருள் 'கிறித்தவ சமயம் ஜெர்மனிக்குள் கலைகளைக் கொண்டுவந்தது'. ஏறத்தாழ ஆறு மீட்டர் அகலமுள்ள நடுப்பகுதியில், பழைய தெய்வத்தின் கருவாலி மரத்தை வெட்டி வீழ்த்திய புனித போனிஃபாஸ் நின்று மறையுரைக்கிறார். சமயத்தின் உருவகமாக ஒரு பெண் நிற்க, அவரைத் தொடர்ந்து கலைகள் வருகின்றன. இருபுறமும் இத்தாலியா, ஜெர்மானியா என்ற இரு நாடுகளும் பெண்ணுருவில் அமர்ந்திருக்கின்றன.

ஓவியமாகப் பார்த்தால் இது அவருடைய சிறந்த வேலைகளில் ஒன்று. குறிப்பாக, அமர்ந்து சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் ஜெர்மானியாவின் முகத்தில் ஒரு தனித்த கனிவு இருக்கிறது. நிறுவன நோக்கில் பார்த்தால், இங்கேதான் ஒரு முடிவு அதன் முழு எடையும் உணரப்படாமல் எடுக்கப்பட்டது. மத வேறுபாடின்றிப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்ற உயிலின் கீழ் இயங்கிய ஒரு வீட்டில், கலை என்பது திருச்சபையின் கொடை என்ற வாசகத்தை இயக்குநரே சுவரில் எழுதினார். ஆட்சிக்குழு அதற்கு இடம் கொடுத்தது. மாற்றித் தொங்கவிட முடிகிற படமாக இருந்திருந்தால் அது ஓர் ஓவியரின் கருத்தாக மட்டுமே நின்றிருக்கும். பெயர்க்க முடியாத சுவரில் இருந்ததால் அது வீட்டின் கருத்தாகத் தோன்றியது. வரைந்தவருக்கும் அது அப்படியே தோன்றியிருக்க வேண்டும்.

## 1837 – 1842: மாறிய சூழல்

அடுத்த ஆறு ஆண்டுகளில் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன.

முதலாவது அரசியல். 1837 நவம்பர் 20 அன்று, கலப்புத் திருமணங்கள் குறித்த தகராறில் பிரஷ்ய அரசு கொலோன் பேராயரைக் கைது செய்தது. ரைன் ஆற்றங்கரை முழுவதும் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டினர் இடையே இருந்த பழைய புண் மீண்டும் திறந்தது. அதுவரை ஒரு வரலாற்றுக் காட்சியாக மட்டும் பார்க்கப்பட்ட படம், அதன்பின் எந்தப் பக்கம் நிற்கிறது என்ற கேள்வியோடு பார்க்கப்பட்டது.

இரண்டாவது, ரசனை. 1840-இல் ஓவர்பெக்கிடமிருந்து நிறுவனம் வரவழைத்த 'கலைகளில் சமயத்தின் வெற்றி' என்ற பெரும் ஓவியம் ரோமிலிருந்து வந்து சேர்ந்தது. அதற்கு ஓவியரே எழுதிய விளக்கவுரை, படத்தைவிட அதிகமான எதிர்ப்பைக் கிளப்பியது. சமய ஓவியத்தின் காலம் முடிந்துவிட்டது என்ற குரல் அச்சில் வெளிப்படையாக ஒலித்தது. 1842-இல் பெல்ஜிய ஓவியர்கள் கல்லே, பியேவ் ஆகிய இருவரின் மாபெரும் வரலாற்றுப் படங்கள் ஜெர்மானிய நகரங்களைச் சுற்றி வந்தபோது, வண்ணத்தின் செழுமையையும் நேரில் கண்டதுபோன்ற தோற்றத்தையும் பார்த்த மக்களுக்கு நாசரேனரின் மெல்லிய வண்ணமும் கூர்மையான கோடும் வெளிறித் தெரிந்தன.

மூன்றாவது, நிறுவனத்துக்குள்ளேயே நடந்த ஆள்மாற்றம். 1840-இல் தொகுப்பின் கண்காணிப்பாளராக பஸ்ஸவான்ட் பொறுப்பேற்றார். அவரும் ரோமில் நாசரேனர் வட்டத்தில் இருந்தவரே. ஆனால் ரஃபேல் பற்றிய ஆராய்ச்சியால் ஐரோப்பா முழுவதும் மதிப்புப் பெற்ற அவர், படங்களை ஆவணமாகவும் வரலாறாகவும் பார்க்கும் அறிஞராக மாறியிருந்தார். 1842-இல் நாட்டுப்புற வாழ்வைச் சித்திரிக்கும் யாகோப் பெக்கர் டியூசல்டோர்ஃபிலிருந்து பேராசிரியராக வந்தார். தொகுப்பில் ஓர் அறிஞர், பள்ளியில் ஒரு புதிய பாணி. ஃபைட்டின் பதவிப்பெயர் மாறவில்லை, ஆனால் அப்பதவிக்குள் இருந்த இடம் இருபுறமும் சுருங்கிவிட்டது. இது திட்டமிட்டு அவரை ஒதுக்கும் செயலென்று நான் கருதவில்லை. வளரும் நிறுவனம் எதுவும் செய்யக்கூடியதையே குழுவினர் செய்தார்கள். ஆனால் அதன் பொருளைப் பழைய இயக்குநரோடு உட்கார்ந்து பேசித் தீர்க்கவில்லை.

## படம்

கார்ல் ஃபிரிட்ரிஷ் லெஸ்ஸிங் 1842-இல் டியூசல்டோர்ஃபில் வரைந்து முடித்த படம் 'கான்ஸ்டன்ஸில் யான் ஹுஸ்'. பொஹீமியச் சீர்திருத்தவாதியான ஹுஸ், கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்தில் விசாரிக்கப்பட்டு, தப்பறையாளர் என்று தீர்க்கப்பட்டு, 1415 ஜூலை 6 அன்று உயிரோடு எரிக்கப்பட்டவர். லெஸ்ஸிங் 1836-இலேயே ஹுஸ்ஸின் வழிவந்தோர் நடுக்காட்டில் மறையுரை கேட்கும் காட்சியை வரைந்து பெயர் பெற்றிருந்தார். புதிய படத்தில் எளிய கறுப்பு உடையில், மெலிந்து வெளிறிய ஹுஸ் நிற்கிறார்; அவரைச் சுற்றிக் கனத்த பட்டாடைகளில் கர்தினால்களும் ஆயர்களும். சிலர் முகத்தில் ஐயம், சிலர் முகத்தில் சலிப்பு, சிலர் முகத்தில் முன்பே முடிவு செய்துவிட்ட இறுக்கம். தேவதூதர் இல்லை, ஒளிவட்டம் இல்லை. பார்ப்பவரின் அனுதாபம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை உடைகளின் நிறமே சொல்லிவிடுகிறது.

இங்கே இரண்டு உறவுகளைக் குறிப்பிடாமல் போக முடியாது. லெஸ்ஸிங்கின் ஆசிரியர் ஷாடோ. அதே ரோம் அறையில் ஃபைட்டோடு சேர்ந்து சுவரில் வரைந்தவர், அதே போலக் கத்தோலிக்கராக மாறியவர், 1826 முதல் டியூசல்டோர்ஃப் கலைக்கழகத்தின் இயக்குநர். ஆகவே ஃபைட்டின் கண்ணுக்கு இந்தப் படம் வெளியிலிருந்து வந்த எதிரியின் வேலையாக இருந்திருக்க முடியாது. தம் தோழரின் பள்ளியிலிருந்தே கிளம்பிய மறுப்பாகவே தெரிந்திருக்கும். இன்னோர் உறவு பழையது. ஓவியர் லெஸ்ஸிங், நாடகாசிரியர் லெஸ்ஸிங்கின் உடன்பிறந்தார் வழிப் பேரன். அந்த நாடகாசிரியரும் மோசஸ் மெண்டல்ஸோனும் உயிர்த்தோழர்கள். மூன்று மதங்களின் சமரசத்தைப் பேசிய 'ஞானி நாதன்' நாடகத்தின் நாயகனுக்கு மெண்டல்ஸோனே முன்மாதிரி என்பார்கள். அந்த நட்பின் இரு பக்கத்துப் பேரர்களும் 1843-இல் ஒரே சுவருக்குக் கீழ் நிற்க முடியாமல் போனார்கள். வரலாறு வேண்டுமென்றே செய்த குறும்புபோல இது தோன்றினாலும், நிகழ்வை விளக்க இதை அளவுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது.

## ஆட்சிக்குழுவின் முடிவு

குழுவினரின் நிலையிலிருந்து பார்த்தால், கொள்முதலுக்கு நல்ல காரணங்கள் இருந்தன. நிகழ்கால ஜெர்மானிய ஓவியத்தில் அதிகம் பேசப்பட்டவர்களில் ஒருவரின் முதன்மைப் படைப்பு கிடைக்கிறது. நாசரேனர் பக்கத்துக்கு ஓவர்பெக்கின் பெரும் படமும் இயக்குநரின் சுவரோவியமும் ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்துக்கு அதே அளவில் எதுவும் இல்லை. பொதுத்தொகுப்பு ஒரு கட்சியின் காட்சிக்கூடமாகிவிடக் கூடாது என்று நினைப்பது குழுவின் கடமையும்கூட.

ஆனால் குழுவினர் இதை ஒரு படத்தைப் பற்றிய முடிவாக மட்டுமே கருதியதாகத் தெரிகிறது. இயக்குநருக்கோ அது தம் பள்ளியைப் பற்றிய முடிவு. மாணவர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் வீட்டில், அவர் வரைந்த சுவர் ஒன்றைச் சொல்ல, குழு வாங்கிய கித்தான் அதை மறுக்கும். ஆசிரியர் இரண்டையும் காட்டி, இரண்டுக்கும் நியாயம் செய்து பாடம் நடத்தக்கூடிய மனநிலை வேறொருவருக்கு வாய்த்திருக்கலாம். எது வரையத் தகுந்தது என்பதையே பாடமாக நடத்திய ஒருவரிடம் அதை எதிர்பார்த்தது குழுவின் பெரிய கணக்குப் பிழை.

## ஃபைட்டின் முடிவு

அவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுப் பதவியில் தொடர்வது முதல் வழி. தொகுப்பின் தலைமையை விட்டுவிட்டு ஆசிரியராக மட்டும் இருப்பது இரண்டாவது. பஸ்ஸவான்ட் ஏற்கெனவே அங்கே இருந்ததால் இது நடைமுறைக்கு எட்டாததன்று. முழுமையாக விலகுவது மூன்றாவது. ஃபைட் மூன்றாவதை எடுத்தார்.

இதைப் பிடிவாதம் என்று சொல்லிவிடுவது எளிது. முதல் வழியை அவர் எடுத்திருந்தால், தம் மாணவர்கள் முன்னால் தாம் கற்பித்ததற்கு மாறாக நடப்பவராகியிருப்பார். இரண்டாவது வழியில், படம் தொங்கும் அதே கட்டடத்தில், முடிவெடுக்கும் உரிமையும் இல்லாமல் இருந்திருப்பார். சுவரில் எழுதியவருக்குப் பின்வாங்க இடமில்லை. ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். விலகுவதன் விலையை அவர் மட்டுமே கொடுக்கவில்லை. அவரோடு சென்ற மாணவர்கள் தொகுப்பை அன்றாடம் காணும் வசதியையும் ஓர் அறக்கட்டளையின் பாதுகாப்பையும் இழந்தார்கள். தங்கிவிட்டவர்கள் தேடி வந்த ஆசிரியரை இழந்தார்கள். இரு தரப்பு மாணவர்களுக்கும் யாரும் மாற்று ஏற்பாடு செய்து கொடுக்கவில்லை என்பதே இந்நிகழ்வில் என்னை அதிகம் உறுத்தும் பகுதி.

## பின்விளைவுகள்

ஃபைட் மைன் ஆற்றைக் கடந்து, எதிர்க்கரையில் இருந்த ஸாக்ஸன்ஹவுஸன் பகுதிக்குச் சென்றார். அங்கே ஜெர்மானிய வீரத்துறவியர் சபையின் பழைய மாளிகையில் பட்டறை அமைத்து, உடன்வந்த மாணவர்களோடு வேலையைத் தொடர்ந்தார்.

பதவி இல்லாத இந்தக் காலத்தில்தான் அவருடைய மிகப் பரவலாக அறியப்பட்ட படம் பிறந்தது. 1848 மார்ச்சில், ஜெர்மனியின் முதல் தேசியப் பேரவை ஃபிராங்க்ஃபுர்ட்டின் புனித பவுல் ஆலயத்தில் கூடவிருந்தபோது, இருக்கைகளுக்கு மேலே இருந்த ஆர்கன் இசைக்கருவியை மறைக்க ஒரு பெரிய திரை தேவைப்பட்டது. ஃபைட் ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரத்தில், ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய பருத்தித் துணியில் ஜெர்மானியாவை வரைந்தார். அவசர வேலை, தற்காலிக அலங்காரம். 1836-இல் சுவரில் அமர்ந்து சிந்தித்துக்கொண்டிருந்த பெண் இங்கே எழுந்து நிற்கிறாள்: தலையில் கருவாலி இலை முடி, மார்பில் இருதலைக் கழுகு, கையில் வாளும் கறுப்பு, சிவப்பு, பொன் நிறக் கொடியும், காலடியில் உடைந்த விலங்கு. இப்போது அது நியூரம்பர்கில் உள்ள ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இத்தனைக்கும் இப்படத்தில் திருச்சபை எங்கும் இல்லை. எல்லாத் தரப்பினரும் கூடிய ஒரு மன்றத்துக்கு எல்லோரும் ஏற்கக்கூடிய ஓர் உருவத்தை வரைந்து தருவது ஃபைட்டுக்கு இயலாத ஒன்றன்று என்பதை 1843-இன் ஆட்சிக்குழுவினர் அந்தத் திரையின் கீழ் நின்று பார்த்திருந்தால் உணர்ந்திருப்பார்கள்.

நிறுவனத்தின் பக்கம், 1850-இல் வரலாற்று ஓவியத்துக்குப் பேராசிரியராக ஆட்சிக்குழு எட்வர்ட் ஷ்டைன்லேயை நியமித்தது. வியன்னாவில் பிறந்த அவர் பக்தியுள்ள கத்தோலிக்கர், நாசரேனர் வழியில் வந்தவர், ஃபைட்டின் நண்பர். 1886-இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். குழுவுக்குக் கத்தோலிக்க ஓவியர் மீது பகை இருந்தது என்ற வாதம் இந்த ஒரு நியமனத்தோடு விழுந்துவிடுகிறது. ஷ்டைன்லே ஏற்ற பொறுப்பு கற்பித்தல்; தொகுப்பு பஸ்ஸவான்ட்டின் பார்வையில் இருந்தது. அதே 1850-இல் நிறுவனம் பழைய நெதர்லாந்து ஓவியர் வான் ஐக்கின் 'லுக்கா மரியன்னை'யை ஹேக் நகர ஏலத்தில் வாங்கியது. பொறுப்புகள் பிரிந்தபின், ஒரே வீட்டில் ஹுஸ்ஸும் இருந்தார், மரியன்னையும் வந்து சேர்ந்தார். யாரும் விலக வேண்டியிருக்கவில்லை.

லெஸ்ஸிங் 1858-இல் கார்ல்ஸ்ரூவே ஓவியக்கூடத்தின் இயக்குநரானார். ஃபைட் 1853-இல் மைன்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஓவியக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். மைன்ஸ் பேராலயத்தின் நடுக்கூடச் சுவர்களுக்கு அவர் வகுத்துக் கொடுத்த கிறிஸ்துவின் வாழ்க்கைக் காட்சிகளை மாணவர்கள் வரைந்து முடித்தார்கள். ஆசிரியர் வகுக்க, மாணவர் வரைய, கட்டடமும் அதே நம்பிக்கைக்கு உரியதாக இருந்த அந்த இடத்தில் அவருடைய முறை எந்த உரசலும் இன்றி நடந்தேறியது. 1877 டிசம்பர் 18 அன்று அவர் அங்கேயே இறந்தார்.

## மாற்றியிருக்கக்கூடியவை

பஸ்ஸவான்ட் பொறுப்பேற்ற 1840-ஆம் ஆண்டே பொறுப்புகளைப் பிரிக்க ஏற்ற நேரம். அன்றே தொகுப்பின் தலைமையை முறைப்படி அவருக்குக் கொடுத்து, ஃபைட்டை ஓவியப் பள்ளிக்கு மட்டும் தலைவராக்கியிருந்தால், மூன்று ஆண்டுகள் கழித்து வந்த படம் அவருடைய பெயரால் வாங்கப்பட்டதாக இருந்திருக்காது. பதவியைக் குறைப்பது ஃபைட்டுக்கு மனவருத்தம் தந்திருக்கும்தான். ஆனால் அமைதியான காலத்தில் வரும் மனவருத்தத்தைப் பேசித் தீர்க்கலாம்.

குழுவினர் வாங்கும் உரிமையை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இயக்குநரின் எதிர்ப்புக்காக லெஸ்ஸிங்கின் படத்தைத் தவிர்த்திருந்தால், ஜெர்மானிய வரலாற்று ஓவியத்தின் முக்கியமான ஒரு சான்று அந்தத் தொகுப்பில் இல்லாமல் போயிருக்கும். ஆனால் வாங்குவதற்கு முன் மாணவர்களின் நிலையைப் பற்றி ஒரு தெளிவான ஏற்பாடு செய்திருக்கலாம்: ஆசிரியர் சென்றால் அவர் மாணவர் எவரும் தொகுப்பைப் பார்த்து வரையும் உரிமையை இழக்க மாட்டார் என்ற ஒரு வாக்குறுதி போதும். அதற்குச் செலவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் முந்திய முடிவு 1834-இல் எடுக்கப்பட்டது. பதவியில் இருக்கும் இயக்குநருக்குப் பொதுக் கட்டடத்தின் சுவரைக் கொடுக்கும்போது, அங்கே வரையப்படும் பொருள் அவர் காலத்துக்குப் பின்னும் அந்த வீட்டின் பேச்சாக இருக்கும் என்பதை ஆட்சிக்குழு எடைபோட்டிருக்க வேண்டும். அதே ஓவியத்தைக் கித்தானில் வரையச் சொல்லியிருந்தால் ஃபைட் மறுத்திருப்பார். ரோமில் முதிய கொத்தனாரிடம் கற்ற கலையை அவர் அவ்வளவு உயர்வாக மதித்தார். ஆனால் அவர் இறந்த மறு ஆண்டு, 1878-இல், நிறுவனம் மைன் ஆற்றின் தென்கரையில் ஷௌமைன்காய் சாலையில் கட்டிய புதிய இல்லத்துக்குக் குடிபெயர்ந்தபோது, அந்தச் சுவரோவியத்தையும் விட்டுவிட மனமின்றிப் பூச்சோடு பெயர்த்தெடுத்துக் கித்தானில் ஒட்டிக் கொண்டுசென்றார்கள். ஹுஸ்ஸின் படமும் அதே வீட்டுக்குச் சென்றது.